பதினைந்து வயது குறைந்த மாப்பிள்ளை

2007 ஒக்டோபர் 16, செவ்வாய்க்கிழமை, காலை 9 மணி 40. வெளியே தூறல். கடை யன்னலில் ஒட்டியிருந்த வெப்பமானி எட்டுப் பாகை காட்டியது. அது எப்போதும் ஒரு பாகை கூட்டிக் காட்டும், ஆகவே ஏழு. தவராசா குடை இல்லாமல் உள்ளே வந்தார். கதவிலிருந்து என் மேசைவரை ஒன்பது அடி வைத்து, ஒன்பது ஈர அடையாளத்தையும் நிலத்தில் விட்டு, ஒரு கடிதத்தை என் விசைப்பலகைமேல் போட்டார்.

"அண்ணை, நான் கலியாணம் கட்டேல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"இஞ்சை எழுதியிருக்கு. ரண்டு பக்கம்."

படங்களைத் திருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஒரு விடயத்தைத்தான். தூரிகையின் அளவு என்ன, அடர்த்தி எவ்வளவு என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பத்தொன்பது வருடம் இந்த வேலை செய்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது, எங்கே கையை எடுத்திருக்க வேண்டும் என்பது மட்டும். அதுவும் எடுக்காமல் விட்ட பிறகு தெரிந்தது.

அப்போது டுசல்டோர்ஃபில் எனக்கு இரண்டு அறைக் கடை ஒன்று இருந்தது. நான் படம் எடுப்பதில்லை. மற்றவர்கள் எடுத்த படங்களை வாங்கி, கணினியில் திருத்தி, அல்பமாகக் கட்டிக் கொடுப்பேன். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு, முதலாம் பிறந்தநாள் என்று எங்கள் சனத்தின் வேலைதான் நூற்றில் எண்பத்தைந்து. என் முக்கிய ஆயுதம் மென்தூரிகை. நாங்கள் சொஃப்ட் பிரஷ் என்போமே, அதுதான்.

தவராசாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பக்கத்து நகரத்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பதினான்கு வருட வேலை. இடது கன்னத்தில் கொதி எண்ணெய் தெறித்த தழும்புகள் ஏழு. கண்ணுக்குக் கீழே கருவளையம். மீசையில் நரை. நாடிக்குக் கீழே இரண்டாவதாக ஒரு நாடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வருடம் மே மாதம் கொழும்புக்குப் போய், சுகந்தி என்ற பெண்ணைக் கலியாணம் செய்துவிட்டு வந்திருந்தார். நாட்டு நிலைமை காரணமாகக் கூட்டம் சேர்க்கவில்லை. இருபத்தெட்டுப் பேர். வீடியோ இல்லை, படக்காரர் இல்லை. பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன், அவரேதான் படமும் எடுத்தார். தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, 640 படம்.

அந்த மெமரி காட்டைத் தவராசா ஜூன் மாதம் என்னிடம் கொண்டுவந்து தந்தார்.

"அண்ணை, ஒரு அஞ்சு வயசு குறைச்சு விடுங்கோ. கூட வேண்டாம். அவை பெண் வீட்டுக்காரர் படத்தை ஊரெல்லாம் காட்டுவினம்."

"அஞ்சு போதுமோ?"

"அஞ்சு போதும் அண்ணை. எனக்கு ஆசை கூடினாலும் நீங்கள் விடாதேங்கோ."

இந்த வசனத்தை அவர் சொன்னார் என்பதை நான் பிறகு மறுக்கவில்லை.

மென்தூரிகையில் உள்ள ஆபத்து என்னவென்றால், அதற்கு ஓரம் கிடையாது. கத்தியால் வெட்டினால் வெட்டிய இடம் தெரியும். இதில் தெரியாது. பத்து விழுக்காட்டு அடர்த்தியில் ஒரு தடவல் தடவினால் எதுவும் நடந்ததாகத் தோன்றாது. ஆகவே இன்னொன்று. தவராசாவின் முகத்தில் பன்னிரண்டாவது தடவலில் ஐந்து வயது போய்விட்டது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கருவளையம் போனதும் மீசை முன்னைவிட நரைத்ததுபோலத் தெரிந்தது. மீசைக்குக் கொஞ்சம் கறுப்பு வைத்தேன். மீசை கறுத்ததும் நாடி கிழடாகத் தெரிந்தது. நாடியை ஒதுக்கினேன். நாடி போனதும் தழும்புகள் ஏழும் ஏதோ விபத்தில் வந்தவை போலப் பயமுறுத்தின. அவற்றையும் எடுத்தேன். சராசரியாக ஒரு முகத்துக்கு முப்பத்துநாலு தடவல். மாப்பிள்ளையின் முகம் இருந்த படங்கள் 417. மொத்தம் 14,178 தடவல்.

முடித்துப் பார்த்தபோது திரையில் இருபத்தாறு வயதுப் பொடியன் ஒருவன் சுகந்தியின் கழுத்தில் தாலி கட்டிக்கொண்டிருந்தான்.

தவராசா வந்து, மூக்குத் திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"அண்ணை, இது நானோ?"

"நீர்தான்."

"உண்மையாவோ?"

"வேற ஆர்? 640 படத்திலையும் ஒரு மாப்பிள்ளைதானே."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு மூன்று அல்பத்துக்கு ஓடர் கொடுத்தார். ஒன்றைக் கொழும்புக்கு அனுப்பினார். சுகந்தி அதிலிருந்து பன்னிரண்டு படத்தைக் கழற்றி, ஜேர்மனி வருவதற்கான விசா விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். கலியாணம் நடந்ததற்கு ஆதாரமாக.

அதன் பதில்தான் என் விசைப்பலகைமேல் ஈரமாகக் கிடந்தது. கணவர் என்று சொல்லப்படுபவரின் கடவுச்சீட்டில் இருப்பவரும் படங்களில் தாலி கட்டுபவரும் ஒரே ஆளாகத் தெரியவில்லை. 25ஆம் திகதி காலை 10.20க்கு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் வரவும். திருத்தப்படாத மூலப் படங்களைக் கொண்டுவரவும்.

"அவ்வளவுதானே அண்ணை. மூலப் படங்களைத் தாங்கோ," என்றார் தவராசா.

நான் எழுந்து வெப்பமானியைப் பார்த்தேன். இன்னும் எட்டுத்தான்.

மூலப் படங்கள் இல்லை. திருத்திய ஒவ்வொரு படத்தையும் அதே பெயரில், பழையதன் மேலேயே சேமிப்பது என் வழக்கம். இடம் மிச்சம். 640 படத்தையும் இரண்டு பிரதியாக வைத்திருந்தால் 1.6 ஜிகாபைட் வீணாகும் என்று கணக்குப் பார்த்திருந்தேன். என்னுடைய கணினியின் வன்தட்டு 160 ஜிகாபைட். அதாவது நூற்றில் ஒரு பங்கை மிச்சம் பிடித்திருக்கிறேன். மெமரி காட்டில் இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். வாங்கிய காட்டைத் துப்புரவாக அழித்து, கடித உறையில் போட்டு, 'வெறுமை' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பது என் கடையின் மரியாதை. அந்தக் காட்டில் அதற்குப் பிறகு தவராசாவின் உணவகத்து விருந்து ஒன்றின் படங்கள் ஏறிவிட்டன.

முன்பு நான் வேலை பார்த்த படக் கூடத்தில் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர், சத்தமாக மூக்குச் சீறுபவர். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது என் தோளுக்குப் பின்னால் வந்து, "மூலம் எங்கே?" என்று கேட்பார். அந்த மனிதரிடமிருந்து தப்புவதும் நான் சொந்தக் கடை திறந்ததற்கு ஒரு காரணம்.

தவராசா கதிரையில் உட்கார்ந்தார். கன்னத்தில் கை வைத்தார். அந்த ஏழு தழும்பும் விரல்களுக்கு இடையில் தெரிந்தன.

"அவள் அஞ்சு மாசமாப் பெட்டி கட்டி வைச்சுக்கொண்டு இருக்கிறாள் அண்ணை. உடுப்பெல்லாம் பெட்டிக்குள்ளையாம். ஒவ்வொரு நாளும் திறந்து ஒண்டை எடுத்து உடுத்திட்டு, தோய்ச்சுத் திரும்ப வைக்கிறாளாம். இதை மறுத்துப்போட்டினம் எண்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? அண்ணை என்னை வடிவாக்கினபடியால் நீ வர ஏலாது எண்டோ?"

நான் ஒரு துணியை எடுத்து, நிலத்தில் இருந்த ஒன்பது ஈர அடையாளத்தையும் துடைக்கத் தொடங்கினேன்.

துடைத்து முடிப்பதற்குள் அவரே தலையை நிமிர்த்தினார். "உங்களாலை அழிக்க ஏலுமெண்டால் கீறவும் ஏலும்தானே? திருப்பிக் கீறி விடுங்கோ. அந்தப் பன்னிரண்டையும்."

நான் சம்மதித்தேன். இந்த இடத்தைக் கவனியுங்கள். பயந்திருக்கும்போது நம் கைக்குத் தெரிந்த வேலையே எல்லாவற்றுக்கும் மருந்து என்று தோன்றும். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கடவுச்சீட்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்பது படங்களில் முதுமையை ஏற்றினேன். ஏழு தழும்பு, இரண்டு கருவளையம், நரை, நாடி. இளமையை ஏற்றுவதைவிட அது கடினம். பத்தாவது படத்தைத் தொடங்கும்போது என் மனைவி மதியச் சாப்பாட்டோடு கடைக்கு வந்து, எனக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"இதென்னப்பா, முகமெல்லாம் புள்ளி? ஆருக்கு அம்மாள் வருத்தம்?"

"தவத்தாரின்ரை படம். அலுவலகத்திலை மூலப் படம் கேக்கினம்."

"இது மூலமோ?"

"மூலம் மாதிரி."

"ஓம் ஓம். நல்லாக் குடுங்கோ. முதல் அந்தாளுக்கு விசாப் பிரச்சினை. இனி உங்களுக்கும் சேத்து ஒரு கடிதம் வரும். சாப்பாட்டுப் பெட்டியை நான் எந்தச் சிறைக்குக் கொண்டுவாறதெண்டு இப்பவே சொல்லிப்போடுங்கோ."

அவள் போன பிறகு சாப்பிடாமல் யோசித்தேன். நான் இதுவரை செய்தது ஒரு மனிதனின் ஆசைக்குச் செய்த ஒப்பனை. இனிச் செய்யப்போவது ஓர் அலுவலகத்தின் கேள்விக்குப் பொய்ப் பதில். தூரிகை ஒன்றுதான், அடர்த்தியும் அதே பத்து விழுக்காடுதான். ஆனால் முதலாவதைப் பற்றி யார் கேட்டாலும் வாயால் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்ல முடியாது. ஒன்பது படத்தையும் அழித்தேன். தவராசாவுக்கு ரெலிபோன் எடுத்து, நானும் கூட வந்து உள்ளதைச் சொல்கிறேன் என்றேன்.

"சொன்னால் நம்புவினமோ அண்ணை?"

"தெரியாது. ஆனால் கணக்கு என்னட்டை இருக்கு."

25ஆம் திகதி வியாழக்கிழமை. தவராசா கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்களைக் கூப்பிட்ட அலுவலர் ஐம்பது வயது தாண்டிய பெண்மணி. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாலைபோலத் தொங்கவிட்டிருந்தார். மேசையில் பன்னிரண்டு படங்களும் மூன்று வரிசையில் நான்கு நான்காக அடுக்கியிருந்தன. அந்த ஒழுங்கைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் ஒரு நம்பிக்கை வந்தது.

நான் உள்ளதைச் சொன்னேன். மூலம் இல்லை, நான்தான் அழித்தேன், இந்த இளைஞர் இவர்தான், நான்தான் இளமையாக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏழாவது படத்தை எடுத்தார். மாலை மாற்றும் படம். "ஐயா, இந்த மேசைக்கு நாற்பதுக்கு மேற்பட்ட தமிழ்க் கலியாணங்கள் வந்திருக்கின்றன. எனக்கு உங்கள் வழக்கம் தெரியும். தலைப்பாகை கட்டியவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் மாப்பிள்ளை. மற்றவர் தோழன். சரியா?"

"சரி."

"மற்றப் பதினொரு படத்திலும் தோழனைக் காணவில்லை. இதில் இருக்கிறார்." பேனா முனையால் காட்டினார். மாலையோடு கை உயர்த்தி நிற்கும் என்னுடைய இருபத்தாறு வயதுப் பொடியன். அவனுக்கு எதிரே குனிந்த தலையோடு சுகந்தி. சுகந்திக்குப் பின்னால் இரண்டு திரைச்சீலைக்கு நடுவே ஒரு வாசல். அந்த வாசலில், தலைப்பாகையோடு, கருவளையத்தோடு, நரைத்த மீசையோடு, அழப்போகிற முகத்தோடு தவராசா.

"கடவுச்சீட்டில் உள்ளவர் இவர். ஹெர் தவராசா, நீங்கள் இந்தக் கலியாணத்தில் தோழன். வேறு யாரோ தாலி கட்டியிருக்கிறார்."

தவராசா படத்தின்மேல் குனிந்தார். "ஐயோ, இது நான்தான்!" என்று ஜேர்மன் மொழியில் கத்தினார்.

"அதைத்தான் நானும் சொல்கிறேன்," என்றார் அவர்.

"சும்மா இரும் காணும்," என்று நான் தமிழில் சொன்னேன். 417 முகத்தை எண்ணியவன் இதை எப்படி விட்டேன்? ஒரு படத்துக்கு ஒரு மாப்பிள்ளை என்றுதானே எவனும் எண்ணுவான்.

"தவம், அந்த மண்டபத்திலை பொம்பிளைக்குப் பின்னாலை வாசல் இருந்ததோ?"

"வாசல் இல்லை அண்ணை. பொம்பிளை வெளிக்கிடுறதுக்கு வைச்ச பெரிய கண்ணாடி. அதைத் தூக்க ஆளில்லாமல் அங்கையே விட்டுட்டினம்."

நான் படத்தை வாங்கி எண்ணத் தொடங்கினேன். மாலையில் சிவப்புப் பூங்கொத்து பதினொன்று. வாசலில் நிற்பவரின் கையிலும் மாலை, அதிலும் பதினொன்று. முன்னால் நிற்பவரின் மாலையில் மேலிருந்து நாலாவது கொத்து பிய்ந்து தொங்கியது. பின்னால் உள்ளதிலும் அதே நாலாவது. முன்னவர் மணிக்கூடு கட்டியிருந்தது இடது கையில். பின்னவர் வலது கையில்.

"அம்மா, இது வாசல் அல்ல, கண்ணாடி. இது தோழனும் அல்ல. தோழன்தான் இந்தப் படத்தை எடுத்தவர். கண்ணாடிக்குள் இருக்கும் இந்த முகம் ஒன்றைத்தான் நான் திருத்த மறந்துவிட்டேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டார். எண்ணினார். என்னைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். பிறகு எழுந்து, சுவரோரம் இருந்த கோப்பு அலுமாரியின் கண்ணாடிக் கதவைக் கையால் துடைத்தார்.

"ஹெர் தவராசா, அங்கே நில்லுங்கள். படத்தில் நிற்பதுபோல. கையை உயர்த்துங்கள்."

தவராசா கையை உயர்த்தினார். மாலைக்குப் பதிலாக அந்தப் பெண்மணி தன் கழுத்துச் சால்வையைக் கொடுத்தார்.

"நீங்கள் மணமகள்," என்றார் என்னிடம்.

எனக்கு அப்போது வயது அறுபத்தொன்று. கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். "தலையைக் குனியுங்கள். இன்னும். மணமகள் இவ்வளவு பயந்தவராகத் தெரியவில்லை," என்று படத்தைப் பார்த்துப் பார்த்து என்னைத் திருத்தினார். பிறகு அறையின் மறு மூலைக்குப் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலை மடித்து, தோழன் நின்ற கோணத்தைத் தேடினார்.

"அண்ணை, சிரிக்காதேங்கோ, சால்வை வழுக்குது," என்றார் தவராசா.

"நானோ சிரிக்கிறன்? சால்வையை மூக்கிலை முட்டாமல் பிடியும்."

அப்போது கதவு திறந்தது. பக்கத்து அறை அலுவலர் ஒருவர், கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு, எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "நல்ல பசியாறல்," என்று, இங்கே அலுவலகங்களில் பதினொரு மணியிலிருந்தே சொல்லும் மதிய வணக்கத்தைச் சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

"அசையாதீர்கள்," என்றார் அந்தப் பெண்மணி. மூலையிலிருந்து நீண்ட நேரம் பார்த்தார். கதவின் கண்ணாடியில், என் தோளுக்கு மேலே, தவராசா தெரிந்திருக்க வேண்டும். சுகந்தி வருவாளா வரமாட்டாளா என்று தெரியாத அதே அழப்போகிற முகம்.

அவர் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"இந்த இளைஞரின் முகம் யாருடையது? எங்கிருந்து எடுத்தீர்கள்?"

"யாருடையதும் அல்ல. எடுக்க எடுக்க வந்தது. நான் எதையும் சேர்க்கவில்லை. மீசைக்கு மட்டும் கறுப்பு."

"அவர் கேட்டது எத்தனை வயது?"

"ஐந்து."

"நீங்கள் குறைத்தது?"

"பதினைந்து."

"எத்தனை தடவலில்?"

"பதினாலாயிரத்து நூற்றெழுபத்தெட்டு."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அந்த எண்ணையும் எழுதினார். மீசையையும் எழுதினார். நான் மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தேன். தவராசாவுக்குச் சால்வையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அந்தப் பெண்மணியே வந்து அவர் கையிலிருந்து வாங்க வேண்டியிருந்தது.

விசா பெப்ரவரியில் கிடைத்தது. 9ஆம் திகதி சனிக்கிழமை சுகந்தி வந்து இறங்கினார். ஒன்பது நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, இருவரும் என் கடைக்கு வந்தார்கள். நன்றி சொல்ல என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். சுகந்தி அல்பத்தை மேசையில் விரித்தார்.

"அண்ணை, உந்தப் பொடியன் ஆர்?"

"தங்கச்சி, அது உம்மடை..."

"என்ரையில்லை. நான் கட்டினது இவரை. இவருக்குக் கன்னத்திலை ஏழு அடையாளம் இருக்கு. ஒவ்வொண்டும் எந்தப் பொரியலிலை வந்ததெண்டு எனக்குச் சொல்லியிருக்கிறார். ஊரிலை சனம் அல்பத்தைப் பார்த்திட்டு, தங்கச்சி, மாப்பிள்ளை உன்னைவிட இளமையோ எண்டு கேக்குது. எனக்கு முப்பத்துநாலு. நான் என்ன பிள்ளைபிடிகாரியோ?"

தவராசா சுவரில் இருந்த விலைப் பட்டியலை ஆழ்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"மூலம் இல்லைத் தங்கச்சி. அழிஞ்சு போச்சு."

"அப்ப கீறுங்கோ. ஆள் இஞ்சைதானே இருக்குது. பார்த்துக் கீறுங்கோ."

அலுவலகத்துக்காகச் செய்ய மறுத்ததை ஒரு மனைவிக்காகச் செய்வதில் எனக்குத் தடை எதுவும் தெரியவில்லை. கேட்பவருக்கு எது கீறியது என்று தெரியும். ஏழு கிழமை, ஒவ்வொரு திங்களும் தவராசா யன்னல் வெளிச்சத்தில் கதிரை போட்டு உட்காருவார். சுகந்தி எனக்குப் பின்னால் நிற்பார். "நாடி காணாது அண்ணை. இன்னும் கொஞ்சம்." "மூண்டாவது அடையாளம் கீழை. அது கத்தரிக்காய்." "நரையைக் கூட்டுங்கோ, அவர் பேசமாட்டார்." தவராசா ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். தாலி கட்டும் படத்தில் மட்டும் ஒரு இரண்டு வயதை விட்டுவைக்க ஏலாதோ என்று கேட்டார். சுகந்தி யோசித்து, ஒன்று தரலாம் என்றார்.

ஏழாவது படத்தை மட்டும் தொடவேண்டாம் என்றார்கள். அதிலிருந்து கண்ணாடிக்குள் இருந்த முகத்தைத் தனியே பெரிதாக்கி, சட்டம் போட்டு, வரவேற்பறையில் மாட்டினார்கள். அல்பம் மூன்றும் புதிதாக அச்சிட்டது, பெரிய படம், சட்டம், ஏழு திங்களும் நான் திருப்பி அனுப்பிய மற்ற வேலைகள், இத்தனைக்கும் பிறகு வாங்கிய இரண்டாவது வன்தட்டு, எல்லாவற்றையும் கூட்டினால், மிச்சம் பிடித்த அந்த 1.6 ஜிகாபைட்டுக்கு எனக்கு ஆன செலவு ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு யூரோ நாற்பது சதம்.